எட்டாம் பாகத்துக்கு உன் மகளைக் கூட்டிப் போனேன்

இருபத்தைந்து வருஷம் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து என் முறுக்கைத் தின்ற லூர்துவுக்கு,

முதலில் சேதி. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். உப்புக் கிரகம் எட்டாம் பாகம் வந்துவிட்டதடா. ஏழாவது வந்து பன்னிரண்டு வருஷம் ஓடிப்போச்சு. இனிமேல் எடுக்க மாட்டார்கள், எடுத்தவனுக்கே வயசாகிவிட்டது என்று நான் உன்னிடம் அடித்துச் சொன்னேனே, அந்தப் படம்தான். தமிழில் பேசுகிறது. பட்டாணி உயிரோடு இருக்கிறான். இன்னமும் கோயம்புத்தூர்க்காரன் மாதிரிதான் பேசுகிறான். நான் சொன்னது எதுதான் பலித்திருக்கிறது, இது பலிப்பதற்கு?

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிற மாதிரி சில இடங்கள் வரும், பொறுத்துக்கொள். உன் ரகசியங்களில் முக்கால்வாசியை விட்டுவிட்டேன். மீதிக்கு நீ பொறுப்பு.

நாம் எட்டாவது படிக்கும்போது அரியலூருக்கு வந்தது முதல் பாகம். வெளிநாட்டுப் படம். எவனோ ஒரு புண்ணியவான் தமிழில் குரல் கொடுத்து, விண்கப்பல் தலைவனுக்குத் தளபதி வேலன் என்றும், அவன் கூடவே உருண்டு வரும் இயந்திர மனிதனுக்குப் பட்டாணி என்றும் பெயர் வைத்திருந்தான். ஒரு கிரகம் முழுக்க உப்பு. மலையும் உப்பு, வீடும் உப்பு, ஆள்கிறவன் உப்பரசன். தண்ணீர் தேடிப் போகிறான் வேலன். அவ்வளவுதான் கதை. அந்தக் கதைக்குத்தான் ஏழு பாகம் எடுத்தார்கள், ஏழையும் நாம் போய்ப் பார்த்தோம்.

பார்த்தோம் என்று சொல்வது சரியா? இங்கேதான் என் வாய் கொஞ்சம் குழறுகிறது.

மேட்னி ஷோ மூன்று மணிக்கு ஆரம்பித்து, விளம்பரமெல்லாம் போட்டு முடிய ஐந்தே முக்கால் தாண்டும். நம் ஊருக்குப் போகிற ஏலாக்குறிச்சி பஸ் ஐந்து நாற்பதுக்கு. அதை விட்டால் ராத்திரி வண்டிதான், அதில் போனால் உன் அப்பாவும் என் அப்பாவும் முறை வைத்துக்கொண்டு அடிப்பார்கள். அதனால் படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது நம் வரிசை மொத்தமும் எழுந்து ஓடும். ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஜனம் பூராவும் அந்தத் தியேட்டரில் எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததே கிடையாது. கதாநாயகன் கத்தியை ஓங்குவான், நாம் செருப்பைத் தேடுவோம்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நீ முடிவைச் சொல்வாய். யோசிக்கவே மாட்டாய், நேரில் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி சொல்வாய். முதல் பாகத்து முடிவு எனக்கு இப்பவும் அப்படியே இருக்கிறது. வேலன் கையில் வெடிகுண்டு. எதிரே உப்பரசன். வேலன் குண்டைக் கீழே வைத்துவிட்டு, பையில் இருந்து ஒரு கீற்று தர்பூசணி எடுத்து நீட்டுகிறான். பிறந்ததிலிருந்து உப்பைத் தவிர எதையும் தின்னாத உப்பரசன் ஒரு வாய் கடித்துவிட்டு அழ ஆரம்பிக்கிறான். அந்தக் கிரகத்தில் முதல் முதலாகத் தண்ணீர் வந்தது அவன் கண்ணிலிருந்துதான்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார், ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் இரண்டாம் பாகம் வந்தபோது உப்பரசன் பழையபடி கொடுமைக்காரனாக வந்தான். நீ தியேட்டரிலேயே எழுந்து நின்று, "இவன் திருந்துனவன்டா, டைரக்டருக்கு மறந்துபோச்சு" என்றாய். ஏழு பாகமும் இப்படித்தான். நீ முடித்து வைத்த இடத்திலிருந்து அவர்கள் ஆரம்பிப்பதில்லை, தப்பு அவர்கள் மேல்.

நாலாம் பாகம் வந்தபோது என்னிடம் பைக் இருந்தது. வெளியே ஸ்டாண்டில் நிற்கிறது, பஸ்ஸுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு முன்னால் நீ எழுந்தாய். "வண்டி இருக்குடா" என்றேன். "எவனோ எழுதுன முடிவு நமக்கு எதுக்குடா, வா" என்றாய். நானும் வந்தேன். நான் எப்போது வராமல் இருந்திருக்கிறேன்?

ஒரு தடவை துரோகம் செய்திருக்கிறேன் மாப்ள, இப்போது சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் சீட் கவர் கடை போட்ட புதிதில், டி.வி.யில் முதல் பாகத்தைப் போட்டான். தையல் மெஷினை நிறுத்திவிட்டு முடிவு வரைக்கும் பார்த்தேன். வேலன் குண்டைப் போடுகிறான், கோட்டை வெடிக்கிறது, கப்பலேறிப் போகிறான். அவ்வளவுதான். தர்பூசணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்றைக்கு ஒரு புல்லட் சீட்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். உன்னிடம் மூச்சு விடவில்லை.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன்.

எட்டாம் பாகத்துக்குப் போஸ்டர் ஒட்டின நாளிலிருந்து என் கடை பட்டிமன்றம் ஆகிவிட்டது. சீட் மாற்ற வருகிற காலேஜ் பிள்ளைகளிடம் நானே ஆரம்பிப்பேன். "உப்புக் கிரகம் வருதாமே, போவீங்களா?" என்பேன். ஒருத்தன், "அதெல்லாம் அங்கிள்ஸ் பாக்குற படம்ண்ணே" என்றான். ஆறு மாசம் தாங்குகிற ரெக்ஸினைத்தான் அவனுக்குப் போட்டுக் கொடுத்தேன். இன்னொருத்தி, "புதுசா ஒரு பொண்ண ஹீரோயினாப் போட்டுட்டா நாங்கல்லாம் வந்துருவோம்னு நெனைக்கிறாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால்தான் சுருக்கென்று இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் சீட். பழைய வண்டியை ஒருத்தன் தன் பிள்ளைக்குக் கொடுப்பான். மேலே புதுக் கவர் போடச் சொல்வான். பளபளவென்று போட்டுக் கொடுப்பேன். ஆனால் உள்ளே இருக்கிற நுரை அப்பன் உட்கார்ந்து உட்கார்ந்து அப்பனுடைய அளவுக்குக் குழிந்திருக்கும். புதிதாக உட்காருகிறவருக்கு அது இடிக்கும். சிலர் இரண்டு நாளில் வண்டியை விற்றுவிடுவார்கள். சிலர் உட்கார்ந்து உட்கார்ந்து தன் குழியைப் பண்ணிக்கொள்வார்கள். இந்தப் படத்துக்கும் புதுக் கவர் போட்டிருக்கிறார்கள் என்பது போஸ்டரிலேயே தெரிந்தது. நம் பிள்ளைகளுக்கு உள்ளே இடிக்குமா, ஒட்டுமா? பத்தாவதில் கணக்கில் போன எனக்கு இதற்கு மேல் யோசிக்க வரவில்லை.

என் மகள் கயல்விழி ஒரு முடிவோடு இருந்தாள். போனில் ஏழு பாகத்தையும் ஒரே வாரத்தில், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, முதல் படத்துல ராக்கெட்டு நூல்ல தொங்குறது தெரியுதுப்பா."

"அது நூல் இல்லம்மா, ஆன்டெனா."

"ரெண்டு பக்கமுமா?"

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் மகள் ஜெனி போன் செய்தாள். நீ போய் இரண்டு வருஷத்தில் அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பண்டிகைக்குப் போனால் "வாங்க மாமா" என்பாள், தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், உள்ளே போய்விடுவாள். உன் பேச்சை எடுத்தால் அந்த இடத்திலேயே இருக்க மாட்டாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு அவ்வளவு மௌனம் ஆகாது என்று உன் வீட்டுக்காரி, தங்கச்சி எமிலி என்னிடம் சொல்லி அழுதிருக்கிறது.

"மாமா, எட்டு வந்துருக்காம். அப்பா இருந்தா மொத நாளே போயிருப்பாரு. நீங்க என்னயக் கூட்டிட்டுப் போவீங்களா?"

லூர்து, நான் அன்றைக்குக் கடையில் ஆடாத ஆட்டமில்லை. கயலை விட்டு உடனே நாலு டிக்கெட் போடச் சொன்னேன். ஜெனியும் எமிலியும் ஏலாக்குறிச்சிப் பக்கமிருந்து வரட்டும், நாங்கள் பெரம்பலூரிலிருந்து போகிறோம், அரியலூர் நடுவாந்திரம். டிக்கெட் போட்டு முடித்துவிட்டுத்தான் கயல் நிமிர்ந்து கேட்டாள்.

"ஜெனிக்கு ஏழாவது படத்தோட முடிவு தெரியுமாப்பா?"

"ஏன் தெரியாம? அவங்கப்பன் தெனம் சொல்லுவானே. தளபதி திரும்பி வந்து மக பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல கடைசி வரிசையில உக்காந்துருப்பாரு. தலக்கவசத்த மடியில வெச்சுக்கிட்டு."

கயல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அப்பா. தளபதி ஏழாவதுலயே செத்துட்டாரு."

"யாரு சொன்னா?"

"படம் சொல்லுச்சுப்பா. உப்புப் புயல்ல போயிடுவாரு. எட்டாவது படமே அவரு மகளப் பத்தித்தான். அப்பா இல்லாத பொண்ணு."

டிக்கெட் திருப்பித் தர முடியாத டிக்கெட். என் அவசரபுத்தியை நீ நூறு தடவை திட்டியிருக்கிறாய், நூற்றியொன்றாவது தடவை நானே திட்டிக்கொண்டேன்.

நீ காமாலையில் படுத்திருந்த அந்தக் கடைசி மாசங்களில் ஜெனி உன்னிடம் கேட்டதெல்லாம் அந்த ஏழாவது முடிவுதான் என்று எனக்குத் தெரியும். தளபதி வந்துவிட்டார் என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறது. அதை நான் இருட்டில் உட்கார வைத்து, இவ்வளவு பெரிய திரையில், இல்லை அவர் செத்துவிட்டார் என்று காட்டப் போகிறேன். உன்னையும் பொய்க்காரனாக்கப் போகிறேன். ஒரே டிக்கெட்டில் இரண்டு காரியம்.

எமிலிக்குப் போன் போட்டேன். "தங்கச்சி, படம் அவ்வளவு நல்லால்லைன்னு சொல்றாங்க. இன்னொரு நாள் வேற படத்துக்குப் போவமா?"

"அண்ணே, புள்ள ஒரு வாரமா சுடிதார அயர்ன் பண்ணி அயர்ன் பண்ணி மடிச்சு வெக்கிறா. வராதன்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்."

அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். எமிலி எழுந்து போய்க் கதவைச் சாத்துவது போனில் கேட்டது. பிறகு, "அவரு ஒரு படத்தையும் முழுசாப் பாத்ததில்லைன்னு எனக்குத் தெரியும்ண்ணே. கல்யாணமான புதுசுல என்னயும் அப்படித்தான பாதியில எழுப்பிக் கூட்டிட்டு வந்தாரு. அவளுக்குத்தான் தெரியாது. படம் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிருங்க. உங்க வாயால கேட்டா தாங்கிக்குவா" என்றது.

சரி என்று வீரமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

சனிக்கிழமை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணிக்கே சந்தித்துவிட்டோம். ஜெனி உன் உயரத்துக்கு வந்துவிட்டாள். டீக்கடையில் உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "ஜெனி, ஒரு விஷயம்" என்றேன். "சொல்லுங்க மாமா" என்றாள். வடை நல்லா இருக்கா என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றாள். இரண்டாவது தடவை ஆரம்பித்து, ஒன்பதாவதில் என்ன பாடமெல்லாம் வருகிறது என்று கேட்டேன். மூன்றாவது தடவை சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போவதைக் காட்டி, வண்டி அதிகமாகிவிட்டது பார் என்றேன். சுரங்கத்தில் நீ ஓட்டின வண்டி மாதிரியே ஒரு டிப்பர் போனது. அதோடு என் தைரியம் தீர்ந்தது. எமிலி என்னைப் பார்த்தது. கயலும் பார்த்தாள். நான் நாலாவது வடையைப் பார்த்தேன்.

படம் போட்டான்.

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அந்த முதல் காட்சி என்னடா அது. வெள்ளை வெளேரென்ற உப்புச் சமவெளி. சத்தமே இல்லை. நாம் அந்தக் காலத்தில் சைக்கிளில் காரை கிராமத்துப் பக்கம் போய், ஓடை ஓடையாக அரித்துக் கிடக்கிற அந்தச் செம்மண் பள்ளத்தில் இறங்கி, இதுதான் உப்புக் கிரகம் என்று நத்தை மாதிரிச் சுருண்ட நத்தைக்கல் பொறுக்கினோமே, அதையே வெள்ளையடித்த மாதிரி இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்வரிசையில் பாதிப் பேர் கயல் வயசுப் பிள்ளைகள். பட்டாணி உருண்டு வந்து, "ஏனுங்க, நம்மள மறந்துட்டீங்களாக்கும்" என்றதும் அந்தப் பிள்ளைகள் அடித்த விசில் இருக்கிறதே. அவன் வந்த முதல் பாகம் வெளியானபோது அவர்களில் ஒருத்தர் கூடப் பிறந்திருக்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது இவர்களுக்கு?

அந்தச் சந்தோஷத்தில் நான் விஷயத்தையே மறந்துவிட்டேன். திரையில் ஒரு பெண் நடந்து வந்து ஓர் உப்புச் சிலைக்கு முன்னால் நின்றாள். தளபதி வேலனின் முகம்.

"மாமா, அது யாரு செல?"

"தளபதியோடதுதான். உசுரோட இருக்கறவங்களுக்கும் செல வெப்பாங்கல்ல."

பின்னாலிருந்து ஒருத்தர், "சார், கொஞ்சம் பேசாம பாருங்க" என்றார். வாயை மூடினேன். திரையில் இருந்த பெண் மூடவில்லை. "நீங்க செத்து பத்து வருஷம் ஆச்சுப்பா" என்றாள், தெளிவான தமிழில்.

இடைவேளை வரைக்கும் நான் படம் பார்க்கவில்லை. ஜெனியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. அழவும் இல்லை. பாப்கார்ன் பொட்டலம் அவள் மடியில் திறக்காமலே இருந்தது.

இடைவேளையில் முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றோம். அவள்தான் கேட்டாள்.

"எங்கப்பா எங்கிட்ட பொய் சொன்னாரா மாமா?"

"பொய் இல்ல ஜெனி. அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நாங்க ஒரு படத்தையும் முழுசாப் பாத்ததே இல்ல."

பஸ் கதையைச் சொன்னேன். ஐந்து நாற்பதைச் சொன்னேன். செருப்புத் தேடினதைச் சொன்னேன். கயல் குறுக்கே விழுந்தாள்.

"ஏழு படமுமாப்பா?"

"ஏழும்."

"பைக்கு வாங்குனப்புறமுமா?"

"அப்பவும்."

"உங்கள யாருப்பா பத்தாவது வரைக்கும் பாஸ் போட்டது?"

"அவங்களும் முடிவு வரைக்கும் போடலயே."

ஜெனிக்கு வாயில் இருந்த பப்ஸ் சிதறியது. சிரிப்புதான் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஒரு நொடி ஆனது. அப்புறம் வரிசையாகக் கேட்டாள்.

"அப்ப உப்பரசனுக்குத் தர்பூசணி குடுத்தது?"

"உங்கப்பன்."

"பட்டாணி ஐ.டி.ஐ. சேந்து தன்னயத் தானே ரிப்பேர் பண்ணிக்கிட்டது?"

"உங்கப்பனேதான்."

"நான் அத கிளாஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன் மாமா. சயின்ஸ் டீச்சர்ட்ட கூட."

எமிலி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

பிறகு ஜெனி சிரிப்பதை நிறுத்தினாள். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வருகிறது என்று தெரிந்தது. ஆனால் அவள் கேட்கவில்லை மாப்ள, சொன்னாள்.

"மாமா, நான் மூணாவது படிக்கறப்ப ஆண்டு விழாவுல மயில் டான்ஸ் ஆடுனேன். அப்பாவுக்கு ஷிப்ட்டு, வர மாட்டேன்னாரு. பாதி டான்ஸ்ல பாக்குறேன், கடைசி வரிசையில உக்காந்துருக்காரு. சுரங்கத்துலேருந்து நேரா வந்துட்டாரு. தல, மொகமெல்லாம் வெள்ளையா சுண்ணாம்புத் தூசி. அந்த மஞ்ச ஹெல்மெட்ட மடியில வெச்சுருந்தாரு."

கையிலிருந்த பப்ஸைப் பார்த்தாள்.

"அது நடந்ததுதான் மாமா. பொய் இல்ல."

எனக்கு அந்த விழா தெரியாது. நீ என்னிடம் சொல்லவே இல்லை. ஏழாவது முடிவை நீ பஸ்ஸிலோ பைக்கிலோ என்னிடம் சொன்னபோது இந்த ஆண்டு விழா அதில் இல்லையே, பிற்பாடு சேர்த்தாயா? அப்போது ஜெனிக்கு இரண்டு வயசுதானே. மகளுக்காக மாற்றிச் சொல்லியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். எனக்கு வேறு, அவளுக்கு வேறு. நான் ஒரு மனுஷனோடுதான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்று கயல்தான் எங்களை உள்ளே விரட்டினாள்.

இரண்டாம் பாதியை நான் எப்படிச் சொல்வது? அந்தப் பெண் கப்பலைத் தனியாக ஓட்டிக்கொண்டு புயலுக்குள் போகிறாள். பட்டாணி கூடவே வருகிறான், அவனுக்கு ஒரு கண் வேலை செய்யவில்லை. நூல் கீல் எதுவும் தெரியவில்லை, நான் உற்றுப் பார்த்தேன். ராக்கெட் நம் தலைக்கு மேலே போகிற மாதிரி சத்தம் வைத்திருக்கிறான், காலுக்குக் கீழே தரை அதிர்கிறது. ஒரு கட்டத்தில் கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைப் பிடித்து மூன்று வருஷம் இருக்கும். நூலில் தொங்குகிறது என்றவள் கன்னமெல்லாம் ஈரம். கேட்டால் ஏ.சி. என்பாள், நான் கேட்கவில்லை. ஜெனி சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். "அந்த வால்வ மூடு, அந்த வால்வ மூடு" என்று அந்தப் பெண்ணுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்த ஆசாமி இப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்ன ஆனது தெரியுமா? என் கால் தானாக எழுந்துவிட்டது. கையில் செருப்பு. முடியப் பத்து நிமிஷம் இருக்கிறது என்று என் உடம்புக்கு எப்படியோ தெரிகிறது. வெளியே எந்த பஸ்ஸுக்கும் அவசரம் இல்லை.

ஜெனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க மாமா. நான் முழுசாப் பாக்கணும்."

உட்கார்ந்தேன். முழுசாகப் பார்த்தோம்.

முடிவைச் சொல்ல மாட்டேன். உனக்குத்தான் பிடிக்காதே.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். அந்த முடிவு தப்பு என்கிறாள் உன் மகள். அதுதான் சரி, வேறு எப்படியும் முடிக்க முடியாது என்கிறாள் என் மகள்.

"அவ திரும்பிப் போயிருக்கணும்டி. அவங்கப்பா விட்டுட்டுப் போன வேலை இருக்குல்ல?"

"அப்பா வேலைய ஏன் அவ பாக்கணும்? அவளுக்குன்னு வேலை இல்லையா?"

"நீ ஒன்றரை மடங்கு வேகத்துல பாக்குறவ, ஒனக்கு என்னா தெரியும்?"

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும், பஸ் வந்து நிற்கிற வரைக்கும், ஜன்னல் வழியாகவும் சண்டை. எமிலி தலையில் அடித்துக்கொண்டது. நான் இரண்டு பேருக்கும் நடுவே ஜிகர்தண்டா டம்ளரோடு நின்றேன். இந்தப் படம் புதுப் பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று ஒரு மாசமாக என் கடைக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்துக் கேட்டேனே, அந்தச் சண்டையில் நின்றபோது அதைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நாம் பார்த்த படத்தை அவர்கள் பார்க்கவில்லை மாப்ள. நாம் தண்ணீர் தேடிப் போகிற ஒருத்தனைப் பார்த்தோம். அவர்கள் ஒரு பெண் என்ன செய்திருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். வேறு படம். அதே பட்டாணி.

அடுத்த வாரம் ஜெனி மறுபடி போன் செய்தாள். இப்போது வாரம் ஒரு தடவை செய்கிறாள், உன் பேச்சு இல்லாமல் முடிவதில்லை. ஏழு படத்தையும் பார்த்துவிட்டாளாம், சரியான வேகத்தில்.

"மாமா, எனக்கு ஒண்ணு செய்யணும். அப்பா சொன்ன ஏழு முடிவையும் எழுதிக் குடுங்க. எனக்கு நாலுதான் தெரியும். சின்னப் பிள்ளையில சொன்னதெல்லாம் மறந்துபோச்சு. ஒங்கள விட்டா யாருக்கும் தெரியாது."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவசரபுத்தி, சொன்னேனே. ஒரு நோட்டு வாங்கினேன். கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் எழுதினேன். முதல் பாகம் எழுதினேன். இரண்டாவது எழுதினேன், உப்பரசனின் தம்பி டீக்கடை வைக்கிற முடிவு. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது இரண்டு விதமாக எழுதினேன், எனக்குச் சொன்னது ஒரு பக்கம், அவளுக்குச் சொன்னது எதிர்ப்பக்கம்.

மூன்றாவது வரவில்லை லூர்து.

படம் ஞாபகம் இருக்கிறது. தளபதியும் பட்டாணியும் உப்புக் கிணற்றுக்குள் விழுந்துவிடுகிறார்கள், மேலே மூடியை மூடிவிடுகிறார்கள், நாம் எழுந்து ஓடுகிறோம். பஸ்ஸில் அன்றைக்கு எனக்கு சீட் கிடைத்தது. கிடைத்த சீட்டில் நான் தூங்கிவிட்டேன். ஊர் வந்து நீ தட்டி எழுப்பி, "கேட்டியாடா?" என்றாய். "பிரமாதம்டா" என்றேன். நீ சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாய். பஸ்ஸில் அன்றைக்கு யார் கேட்டிருப்பார்கள்? இரண்டு நாளாகப் போன் போட்டு ஊரில் நம் வயசுக்காரர்களையெல்லாம் விசாரித்துவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

நானே ஒன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், மறைக்கவில்லை. ஒரு பக்கமும் எழுதினேன். உன் மாதிரியே, உன் பேச்சு மாதிரியே. படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குத் தெரியவே தெரியாது. அந்த இடத்தில்தான் கை நின்றது. நீ சொன்னது எதுவும் பொய் இல்லை என்று அந்தப் பிள்ளை பப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதே. முதல் பொய்யை நான் எழுதி, அதன் கீழே உன் பெயரைப் போடவா?

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன். மூன்றாம் பாகத்துக்கு உரிய பக்கங்கள் வெறுமையாகவே இருக்கும். மேலே தலைப்பு மட்டும் எழுதி, கீழே, 'இதை உன் அப்பன் சொன்னான், நான் தூங்கிவிட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், ஏசினால் வாங்கிக்கொள்கிறேன். உன் பெயரில் உன் பிள்ளைக்கு நீ சொல்லாத ஒரு வார்த்தையும் என்னிடமிருந்து போகாது. இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் எமிலிக்கு அண்ணன், ஜெனிக்கு மாமன்,
உனக்கு என்றைக்கும் தூங்குமூஞ்சி மச்சான்,
ராசேந்திரன்